அத்தியாயம் 6: டர்போ சி நிரலை லினக்ஸுக்கு மாற்றுதல் – ஹெடர் ஃபைல் வேறுபாடுகளைக் கையாளும் முறை

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் சி மொழி படித்தவர்களின் ரெக்கார்டு நோட்டைப் பிரித்தால் முதல் வரியில் எஸ்டிடிஐஓ.ஹெச், இரண்டாம் வரியில் கோனியோ.ஹெச் என்று இருக்கும். அதற்குக் கீழே வாய்டு மெயின். அதற்குள் முதல் வேலை திரையைத் துடைக்கும் கிளியர்ஸ்கிரீன், கடைசி வேலை ஒரு விசைக்காகக் காத்திருக்கும் கெட்சிஹெச். போர்லாண்ட் நிறுவனம் 1987-இல் டாஸ் கணினிகளுக்காக வெளியிட்ட டர்போ சி-யும் அதன் பின் வந்த டர்போ சி++-உம் விட்டுச்சென்ற பழக்கம் இது. டாஸ் போன பிறகும் ஆய்வகங்களில் இது போகவில்லை. இதற்கிடையே, ஸ்ரீரங்கம் தொகுதியில் வென்று முதல்வரான ஜெயலலிதா 2011-இல் தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே இயந்திரத்தில் ஏறி வந்தன. பாஸ் என்பது சென்னை சி-டாக் உருவாக்கிய, டெபியனை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ். கல்லூரியில் எழுதிய நிரலை அந்த லினக்ஸில் கம்பைல் செய்தால் இரண்டாம் வரியிலேயே நின்றுவிடும்: கோனியோ.ஹெச் என்று ஒரு கோப்பே இங்கு இல்லை. திருச்சியில் ஒரு கலைக் கல்லூரியில் இளநிலை முடித்து, துவாக்குடி என்ஐடிக்கோ சேதுராப்பட்டியில் உள்ள கல்வி நிறுவனங்களுக்கோ போகிறவர் இன்றும் அதே நிரல்களைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் நிற்க நேரலாம்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் வைத்தியம் “அந்த வரியை எடுத்துவிடு, பிழை வரும் இடத்தையெல்லாம் ஒட்டுப்போடு” என்பது. அப்படிச் செய்தால் நிரல் கம்பைல் ஆகும். ஆனால் சரியாக ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இந்த அத்தியாயம் சொல்லும் வழி வேறு. ஹெடரின் பெயரைத் துரத்தாதீர்கள். அந்த ஹெடரிடம் உங்கள் நிரல் எதைக் கேட்டு வாங்குகிறது என்று பாருங்கள். கேட்பதில் பாதி தேவையற்றதாக இருக்கும், அதை நீக்குங்கள். இன்னொரு பகுதியைத் தர சி மொழியின் தரமே போதும், அதற்கு மாறுங்கள். உண்மையிலேயே இயங்குதளத்தைச் சார்ந்தது எஞ்சும் கொஞ்சம்தான்; அதை ஒரே கோப்புக்குள் அடையுங்கள்.

பெயர்களைப் பற்றி ஒரு குறிப்பு: ஹெடர், ஃபங்ஷன் பெயர்களை இங்கே படிக்கும் ஒலியிலேயே தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். டர்போ சி-யில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கலந்து தட்டினாலும் ஹெடர் கிடைக்கும், லினக்ஸில் கிடைக்காது. அதேபோல் ஹெடர் பாதையில் பின்சாய்வுக் கோடு இருந்தால் அதை முன்சாய்வுக் கோடாக மாற்றுங்கள்; முன்சாய்வு விண்டோஸிலும் செல்லும்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் சரக்கு ஒன்றல்ல

தேவையான கோட்பாடு இவ்வளவுதான். ஹெடர்கள் மூன்று அடுக்கு. முதல் அடுக்கு சி மொழியின் தரத்தில் உள்ளவை: சி89 தரத்தில் 15, சி99-இல் 24, சி11-இல் 29. இவை எங்கும் கிடைக்கும். இரண்டாம் அடுக்கு 1988-இல் தொடங்கிய போசிக்ஸ் தரம் வகுத்தவை: யூனிஎஸ்டிடி.ஹெச், டெர்மியோஸ்.ஹெச், டைரென்ட்.ஹெச் போன்றவை. லினக்ஸ், மேக், பிஎஸ்டி ஆகியவற்றில் இருக்கும். விண்டோஸில் பெரும்பாலும் இராது. மூன்றாம் அடுக்கு ஒரு கம்பைலருக்கோ ஒரு இயங்குதளத்துக்கோ மட்டும் சொந்தமானவை: டர்போ சி-யின் கோனியோ, டாஸ், கிராஃபிக்ஸ், அல்லாக், விண்டோஸின் விண்டோஸ்.ஹெச்.

ஹெடரின் பெயரை நம்பக் கூடாது என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. எஸ்டிடிலிப்.ஹெச் தரத்தில் உள்ள ஹெடர், டர்போ சி-யிலும் உண்டு, லினக்ஸிலும் உண்டு. ஆனால் டர்போ சி-யின் அந்த ஹெடரில் உள்ள ரேண்டம், 10 என்று கொடுத்தால் 0 முதல் 9 வரை ஓர் எண்ணைத் தரும். லினக்ஸில் அதே ஹெடரில் அதே பெயரில் உள்ள ரேண்டம் எந்த மதிப்பையும் வாங்கிக்கொள்ளாது. கெட்சிஹெச்சின் கதையும் இதுதான்: லினக்ஸின் கர்சஸ்.ஹெச்சிலும் கெட்சிஹெச் உண்டு, ஆனால் முதலில் திரையைத் தயார் செய்யும் இனிட்ஸ்கிரீனை அழைக்காமல் அதைப் பயன்படுத்த முடியாது. விண்டோஸில் ஓடும் மின்ஜிடபிள்யூ கம்பைலரிலோ கோனியோ.ஹெச் என்ற கோப்பே இருக்கிறது, கெட்சிஹெச்சும் இருக்கிறது. கிளியர்ஸ்கிரீனும் கோட்டுஎக்ஸ்ஒய்யும் இல்லை. இயங்குதளத்தின் பெயரையும் நம்ப முடியாது. லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி, சாதன எண்ணைப் பிரிக்கும் மேஜர், மைனர் மேக்ரோக்களை 2018-இல் ஒரு ஹெடரிலிருந்து எடுத்து இன்னொன்றில் மட்டும் வைத்தது. எஸ்ஒய்எஸ்சிடிஎல் ஹெடரை 2020-இல் அடியோடு நீக்கியது. பிஎஸ்டியில் பல காலமாக இருந்த எஸ்டிஆர்எல்சிபிஒய்யை 2023-இல்தான் சேர்த்தது. ஆக “இது லினக்ஸா?” என்ற கேள்விக்கு ஆம் என்று பதில் கிடைத்தாலும் உங்களுக்கு வேண்டியது அங்கு இருக்கிறதா என்பது தெரியாது. கேட்க வேண்டிய கேள்வி “இந்த ஃபங்ஷன் இங்கே இருக்கிறதா, நான் நினைக்கும் பொருளில் இருக்கிறதா?” என்பது.

பிழைச்செய்தி எந்த வகை என்று பிரியுங்கள்

மாணவர்கள் அதிக நேரத்தை இழப்பது இங்கேதான். மூன்று வெவ்வேறு பிழைகளை ஒன்றாக நினைத்து, எல்லாவற்றுக்கும் புதிய ஹெடரைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

முதல் வகை, கோப்பு இல்லை என்பது. கம்பைலர் அங்கேயே நின்றுவிடும். ஹெடர் மூன்றாம் அடுக்கைச் சேர்ந்தது, அல்லது அதன் மேம்பாட்டுத் தொகுப்பு நிறுவப்படவில்லை. இரண்டாம் வகை, அறிவிக்கப்படாத ஃபங்ஷன் என்பது. ஹெடர் கிடைத்தது, ஆனால் நீங்கள் கேட்ட பெயர் அதில் இல்லை. மூன்றாம் வகை, லிங்கர் சொல்லும் வரையறுக்கப்படாத குறிப்பு. இதில் ஹெடருக்குச் சம்பந்தமே இல்லை, நூலகத்தை இணைக்கவில்லை. வர்க்கமூலம் காணும் எஸ்க்யூஆர்டி டர்போ சி-யில் தானாக இணையும்; லினக்ஸில் மேத்.ஹெச்சைச் சேர்த்தால் மட்டும் போதாது, கட்டளையின் கடைசியில் கணித நூலகத்துக்கான எல்எம் விருப்பத்தையும் தர வேண்டும். மூலக்கோப்பின் பெயருக்கு முன்னால் தந்தால் சில கணினிகளில் வேலை செய்யாது. நான்காவதாக, எந்தச் செய்தியும் வராமல் தவறான விடை தரும் வகை ஒன்று உண்டு. டேட்டா ஃபைல் பற்றிய பகுதியில் அதற்கு வருவோம்.

எச்சரிக்கை: இரண்டாம் வகையை வெறும் எச்சரிக்கைதானே என்று தாண்டிப் போகாதீர்கள். பழைய சி-யில், அறிவிக்கப்படாத ஃபங்ஷன் ஒரு இன்ட் மதிப்பைத் திருப்பும் என்று கம்பைலர் ஊகித்துக்கொள்ளும். 64-பிட் லினக்ஸில் இன்ட் 4 பைட், பாய்ண்டர் 8 பைட். சி99 தரத்தைக் கண்டிப்பாகக் கேட்டால் ஸ்ட்ரிங்.ஹெச் எஸ்டிஆர்டூப்பை மறைத்துவிடும். அந்த நிலையில் அதை அழைத்தால், திரும்பும் முகவரியில் மேல் பாதி வெட்டுப்படும். நிரல் சில நாள் ஓடும், சில நாள் விழும். இதனால்தான் கிளாங் 16 (2023), ஜிசிசி 14 (2024) முதல் இந்த எச்சரிக்கை பிழையாகவே ஆக்கப்பட்டது. உங்கள் கல்லூரியில் பழைய ஜிசிசி இருந்தால், அறிவிக்கப்படாத ஃபங்ஷனைப் பிழையாக்கும் விருப்பத்தை நீங்களே கட்டளையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படிப்படியாகச் செய்யும் முறை

1. மூலத்தைத் தொடாதீர்கள். சி கோப்புகளையும் நிரல் உருவாக்கிய டேட்டா கோப்புகளையும் தனி ஃபோல்டரில் நகலெடுத்து வையுங்கள். டாஸில் ஓடிய செயற்கோப்பு இருந்தால் அதையும் வையுங்கள். 64-பிட் விண்டோஸில் அது ஓடாது, ஆனால் டாஸ்பாக்ஸில் ஓடும். மாற்றிய நிரலின் விடை சரியா என்று ஒப்பிட அதைத் தவிர வேறு சாட்சி உங்களிடம் இல்லை.

2. ஒரு தாளில் பட்டியல் எழுதுங்கள். இடப்பக்கம் ஹெடர், வலப்பக்கம் அதிலிருந்து நிரல் பயன்படுத்தும் பெயர்கள். தெரியாவிட்டால், ஒரே ஒரு ஹெடர் வரியை மட்டும் கருத்துரையாக்கிக் கம்பைல் செய்யுங்கள். கம்பைலர் எந்தப் பெயர்களைத் தெரியாது என்கிறதோ அவை அந்த ஹெடர் தந்தவை. எதுவும் சொல்லாவிட்டால் அந்த ஹெடர் வேண்டவே வேண்டாம். ரெக்கார்டு நோட்டு நிரல்களில் பழக்கத்தால் சேர்க்கப்பட்ட ஹெடர்கள் இப்படி நிறையக் கழியும். ஜிசிசி-யில் பெரிய ஹெச் விருப்பம், எந்த ஹெடர் எந்த ஹெடரை உள்ளே இழுக்கிறது என்று படிக்கட்டு போல் அச்சிடும்; பட்டியலைச் சரிபார்க்க அது உதவும்.

3. தேவையற்றதை நீக்குங்கள். தொடக்கத்தில் வரும் கிளியர்ஸ்கிரீன், முந்தைய ஓட்டத்தின் விடை டாஸ் திரையில் நிற்பதால் வந்தது. முடிவில் வரும் கெட்சிஹெச், விடையைப் பார்ப்பதற்குள் டர்போ சி-யின் நீலத் திரை திரும்பிவிடுவதால் வந்தது. டெர்மினலில் இந்த இரண்டு காரணமும் இல்லை. இரண்டையும் எடுத்துவிட்டால் பல நிரல்களில் கோனியோ.ஹெச் தானாகவே போய்விடும். வாய்டு மெயினை இன்ட் மெயினாக்கி, கடைசியில் 0 திருப்புங்கள். உள்ளீட்டைத் துடைக்க எஃப்ஃப்ளஷைப் பயன்படுத்தியிருந்தால் எடுங்கள்; உள்ளீட்டுக்கு அதன் விளைவு என்ன என்று தரம் வரையறுக்கவில்லை. வரி முடியும் வரை எழுத்துகளைப் படித்துத் தள்ளும் ஒரு சிறு சுழற்சியை அதற்குப் பதில் எழுதுங்கள்.

4. தரத்துக்கு மாற்றுங்கள். அல்லாக்.ஹெச், மேலாக்.ஹெச் இருந்தால் எஸ்டிடிலிப்.ஹெச். மெம்.ஹெச் இருந்தால் ஸ்ட்ரிங்.ஹெச். ரேண்டமைஸ், ரேண்டம் இருந்தால் எஸ்ரேண்ட், ரேண்ட், அதோடு டைம்.ஹெச். கெட்ஸ் இருந்தால் எஃப்கெட்ஸ். இந்தக் கடைசி மாற்றத்தை விருப்பத்துக்கு விடாதீர்கள். கெட்ஸ் எத்தனை எழுத்து வருகிறது என்று பார்க்காமல் நிரப்பும்; 1988-இல் இணையத்தில் பரவிய மோரிஸ் புழு நுழைந்த வாசல்களில் ஒன்று அதுதான். சி11 தரம் கெட்ஸை நீக்கிவிட்டது. எஃப்கெட்ஸ் வரியின் முடிவெழுத்தையும் சேர்த்தே தரும் என்பதை மறக்காதீர்கள். அதை வெட்டாவிட்டால் அடுத்து வரும் சொல் ஒப்பீடு எதுவும் பொருந்தாது.

5. கண்டிப்பாகக் கம்பைல் செய்யுங்கள். சி99 தரத்தைக் கேட்கும் விருப்பம், பெரும்பாலான எச்சரிக்கைகளைக் காட்டும் டபிள்யூ-ஆல், பெடான்டிக் மூன்றையும் சேருங்கள். போசிக்ஸ் ஃபங்ஷன் வேண்டியிருந்தால், போசிக்ஸ் சி சோர்ஸ் என்ற மேக்ரோவுக்கு 200809 என்ற மதிப்பைக் கோப்பின் முதல் வரியில், எந்த ஹெடருக்கும் முன்னால் கொடுங்கள். ஒரு ஹெடருக்குப் பின்னால் கொடுத்தால் பலன் இல்லை. முதல் ஹெடரைப் படிக்கும்போதே எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று நூலகம் முடிவு செய்துவிடும். “ஹெடர் இருக்கிறது, ஃபங்ஷன் மட்டும் தெரியவில்லை” என்ற புகார்களில் பல இந்த வரிசைத் தவறுதான்.

6. எஞ்சியதை எண்ணுங்கள். ஆய்வக நிரல்களில் இந்த இடத்தில் நான்கைந்து வேலைதான் மிஞ்சும்: மெனுவில் என்டர் தட்டாமல் ஒரு விசையைப் படிப்பது, திரையைத் துடைப்பது, சில மில்லிசெகண்டு காத்திருப்பது, எழுத்து வேறுபாடு பாராமல் சொற்களை ஒப்பிடுவது, ஒரு ஃபோல்டரை உருவாக்குவது. இவற்றுக்காக பிளாட்ஃபார்ம்.ஹெச், பிளாட்ஃபார்ம்.சி என்று இரண்டு கோப்புகளைத் தொடங்குங்கள்.

அந்த ஒரே கோப்பை எழுதும் விதம்

முக்கொம்பில் 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையில் நீர் ஒரே இடத்தில் கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் பிரிகிறது. கீழே உள்ள ஒவ்வொரு வயலும் ஆற்றைத் தன் பங்குக்குப் பிரிப்பதில்லை. இயங்குதள வேறுபாட்டையும் அப்படி ஒரே இடத்தில் பிரியுங்கள். பிளாட்ஃபார்ம்.ஹெச்சில் உங்கள் சொந்தப் பெயரில் ஐந்து ஃபங்ஷன்களின் அறிவிப்பு மட்டும் இருக்கட்டும். அதற்குள் டெர்மியோஸ்.ஹெச்சையோ விண்டோஸ்.ஹெச்சையோ சேர்க்காதீர்கள்; அவை பிளாட்ஃபார்ம்.சி-க்குள் மட்டும் வரட்டும். இந்த விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு விண்டோஸ்.ஹெச்சே உதாரணம். அது மின், மேக்ஸ் என்ற பெயர்களில் மேக்ரோக்களைக் கொண்டுவருகிறது. உங்கள் மதிப்பெண் நிரலில் மேக்ஸ் என்று நீங்கள் எழுதிய ஃபங்ஷன் உடனே உடையும். பிழைச்செய்தியோ அந்த ஹெடரின் பெயரைச் சொல்லாமல் உங்கள் வரியைத்தான் காட்டும்.

பிளாட்ஃபார்ம்.சி-க்குள் மட்டும் இஃப்டெஃப் வரட்டும். விண்டோஸுக்கு, தொடக்கத்தில் அடிக்கோட்டுடன் வின்32 என்ற மேக்ரோ. 64-பிட் விண்டோஸிலும் இதே பெயர்தான். கடைசிக் கிளையாக எர்ரர் கட்டளையை வைத்து “இந்த இயங்குதளத்துக்கு இன்னும் எழுதவில்லை” என்று நிறுத்துங்கள். மேக்ரோவின் பெயரில் ஒரு எழுத்து தவறினாலும் இஃப்டெஃப் பொய் என்று மௌனமாக நகர்ந்துவிடும். அந்த எர்ரர் வரி இல்லாவிட்டால் உங்களுக்குத் தெரியவே வராது.

காத்திருக்கும் ஃபங்ஷனில் அலகைக் கவனியுங்கள். டர்போ சி-யின் டிலே மில்லிசெகண்டில் கணக்கிடும். விண்டோஸின் ஸ்லீப், முதல் எழுத்து பெரியது, அதுவும் மில்லிசெகண்டு. போசிக்ஸின் ஸ்லீப், எல்லாம் சிறிய எழுத்து, செகண்டு. டிலே 1000 என்று இருந்ததை ஸ்லீப் 1000 என்று மாற்றினால் கம்பைலர் ஒன்றும் சொல்லாது; நிரல் 16 நிமிடம் 40 விநாடி அசையாமல் நிற்கும். நானோஸ்லீப்பைப் பயன்படுத்தி மில்லிசெகண்டை நீங்களே பிரித்துக் கொடுங்கள்.

ஒரு விசையைப் படிப்பதற்கு லினக்ஸில் டெர்மியோஸ் வழியே டெர்மினலின் வரிவாரியான படிப்பையும் எதிரொலியையும் நிறுத்த வேண்டும். வரிசை முக்கியம்: (அ) தற்போதைய அமைப்பைப் படித்துத் தனி மாறியில் சேமியுங்கள், (ஆ) நிரல் முடியும்போது அந்த அமைப்பைத் திருப்பி வைக்க அட்எக்ஸிட்டில் ஒரு ஃபங்ஷனைப் பதியுங்கள், (இ) அதன் பிறகே அமைப்பை மாற்றுங்கள், (ஈ) விசையைப் படித்தவுடன் பழையதைத் திருப்பி வையுங்கள்.

பாதுகாப்புக் குறிப்பு: கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்தினால் அட்எக்ஸிட் ஓடாது. அதற்கு சிக்னல் கையாளி தனியாக வேண்டும். டெர்மினல் கெட்டு, தட்டுவது எதுவும் தெரியாமல் போனால் பதறி ஜன்னலை மூட வேண்டாம். எஸ்டிடிஒய் சேன் என்று பார்க்காமலே தட்டி என்டர் அடியுங்கள், திரும்பிவிடும்.

எழுப்பப்படும் மறுப்புகள்

“நானே கோனியோ.ஹெச் என்று ஒரு கோப்பை எழுதி லினக்ஸில் போட்டால் மூல நிரலைத் தொடவே வேண்டாமே” என்று கேட்பார்கள். வலுவான கேள்விதான், நூறு நிரல்கள் இருக்கும்போது இதன் கவர்ச்சி புரிகிறது. ஆனால் அந்த நிரலும் உங்கள் கோனியோவும் மின்ஜிடபிள்யூ உள்ள கணினிக்குப் போனால், அங்கே உண்மையான கோனியோ ஒன்று காத்திருக்கிறது. எது முதலில் கிடைக்கும் என்பது, ஹெடர் பெயர் மேற்கோளுக்குள் இருக்கிறதா கோண அடைப்புக்குள் இருக்கிறதா, கட்டளையில் எந்த ஃபோல்டர் முதலில் வருகிறது என்பதைப் பொறுத்தது. அமைப்பு ஹெடரின் பெயரை உங்கள் கோப்புக்கு வைக்கவே கூடாது என்பதற்கு இதுவே காரணம். விண்டோஸில் உங்கள் கோப்புக்குப் பெரிய எழுத்தில் தொடங்கி ஸ்ட்ரிங்.ஹெச் என்று வைத்தாலும், தேடும் ஃபோல்டர்களில் அது முந்தினால் தர ஹெடரை மறைத்துவிடும். அதைவிட முக்கியமான குறை, அப்படிச் செய்தால் இரண்டாம், மூன்றாம் படிகள் நடப்பதில்லை. தேவையற்றது அப்படியே தங்கும்.

“டாஸ்பாக்ஸ் இருக்கும்போது எதற்கு இவ்வளவு?” என்பது இரண்டாவது. தேர்வு அன்று ஒரு நிரலைக் காட்டுவதுதான் நோக்கம் என்றால் டாஸ்பாக்ஸ் போதும், மறுப்பில்லை. ஆனால் அங்கே இன்ட் 2 பைட். 32767-ஐத் தாண்டினால் எதிர்மறையாகும். ஒரு கல்லூரியின் கட்டணக் கணக்கு, ஒரு கடையின் இருப்புக் கணக்கு என்று நிரல் வேலைக்குப் போகும் நாளில் அந்த எல்லை இடிக்கும்.

“தேவைப்படும் இடத்திலெல்லாம் இஃப்டெஃப் போட்டால் என்ன?” என்பார்கள். இரண்டு இயங்குதளம் வரை தாங்கும். மூன்றாவது வரும்போது ஒவ்வொரு இடத்தையும் தேடித் திருத்த வேண்டும். ஒரு கணினியில் கம்பைல் செய்பவர் கண்ணுக்கு மற்ற கிளைகளில் உள்ள பிழை தெரியாது. பெரிய மென்பொருள்கள் இதற்காகத்தான் 1991-இல் பிறந்த ஆட்டோகான்ஃப் போன்ற கருவிகளை வைத்துக்கொண்டன: கம்பைல் செய்யும் முன் ஒவ்வொரு ஹெடரையும் தேடிப் பார்த்து, இருந்தால் “ஹேவ்” என்று தொடங்கும் மேக்ரோவைக் கான்ஃபிக்.ஹெச்சில் எழுதும். ஐந்து ஃபங்ஷன் நிரலுக்கு அது வேண்டாம். ஒரு ஹெடர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க, ஜிசிசி 5 முதல் உள்ள ஹேஸ்-இன்க்ளூட் போதும். சி23 தரமும் அதை ஏற்றுள்ளது. ஆனால் ஹெடர் இருப்பது வேறு, ஃபங்ஷன் நீங்கள் நினைத்தபடி நடப்பது வேறு; பின்னதை அதுவும் சோதிக்காது.

கம்பைல் ஆன பிறகு வரும் ஆபத்து: டேட்டா ஃபைல்

ஹெடர் வேலை முடிந்து, எச்சரிக்கை ஒன்றும் இல்லாமல் கம்பைல் ஆகிவிட்டது. பழைய மதிப்பெண் கோப்பைத் திறந்தால் குப்பை வருகிறது. ஆய்வகத்தில் எல்லோரும் எழுதும் ஸ்ட்ரக்சரை எடுத்துக்கொள்வோம்: வரிசை எண் இன்ட், பெயர் 20 எழுத்து, மதிப்பெண் ஃப்ளோட். டர்போ சி-யில் இது 2 + 20 + 4 = 26 பைட். 60 மாணவர்களுக்கு 1560 பைட். லினக்ஸில் அதே ஸ்ட்ரக்சர் 4 + 20 + 4 = 28 பைட். முதல் பதிவைப் படிக்கும்போது வரிசை எண், பெயரின் முதல் இரண்டு எழுத்துகளையும் விழுங்கிப் பெரிய எண்ணாகும். பெயர் மூன்றாம் எழுத்திலிருந்து தொடங்கும். மதிப்பெண் சம்பந்தமில்லாத எண். 1560-ஐ 28-ஆல் வகுத்தால் 55 பதிவு போக 20 பைட் மிஞ்சும். ஆக ஐந்து மாணவர்கள் காணாமலே போவார்கள்.

எஸ்டிடிஇன்ட்.ஹெச்சைச் சேர்த்து இன்ட்டை 16-பிட்டாக மாற்றினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. 2 + 20 = 22; ஃப்ளோட் 4-இன் மடங்கில்தான் தொடங்க வேண்டும் என்பதால் கம்பைலர் நடுவில் 2 பைட் வெற்றிடம் விடும்; மொத்தம் மறுபடியும் 28. இப்போது முதல் மாணவரின் எண்ணும் பெயரும் சரியாக வரும், மதிப்பெண் மட்டும் தவறும், இரண்டாம் மாணவரிலிருந்து எல்லாமே நழுவும். முதல் வரி பாதி சரியாக இருப்பதால் இந்தத் தவறு முன்னதைவிட ஆபத்தானது.

சரியான வழி இது:

1. கோப்பை பைனரி முறையில் திறக்கவும். லினக்ஸில் வேறுபாடு இல்லை. விண்டோஸில் பைனரியைக் குறிக்கும் பி என்ற ஒரு எழுத்து இல்லாவிட்டால் சில பைட்டுகள் மாறிவிடும்.

2. ஸ்ட்ரக்சரை மொத்தமாகப் படிக்க வேண்டாம். 26 பைட்டை ஒரு அன்சைன்டு கேர் வரிசையில் படிக்கவும்.

3. முதல் பைட்டுடன் இரண்டாம் பைட்டை 256-ஆல் பெருக்கிக் கூட்டினால் வரிசை எண்.

4. அடுத்த 20 பைட்டைப் பெயருக்கு நகலெடுக்கவும். கடைசி 4 பைட்டை மெம்காப்பி மூலம் ஃப்ளோட்டுக்கு மாற்றவும். இன்டெல் கணினிகளில் ஃப்ளோட்டின் உள்வடிவம் இரண்டு பக்கமும் ஒன்றே.

5. படித்ததை உடனே காற்புள்ளி இட்ட உரைக் கோப்பாக எழுதிவைக்கவும். அடுத்த முறை எந்த இயங்குதளத்துக்குப் போனாலும் இந்தச் சிக்கல் வராது.

பெயர்களைத் தமிழில் வைக்க விரும்பினால் 20 இடம் போதாது. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். ரங்கநாதன் என்ற பெயரில் புள்ளியும் துணைக்காலும் சேர்த்து 9 குறிகள், 27 பைட். ஆங்கிலத்தில் எழுதினால் 11 பைட்டில் அடங்கும் அதே பெயர். இதற்காக டபிள்யூகேர்.ஹெச்சின் அகன்ற எழுத்து வகையை நாடாதீர்கள். அது விண்டோஸில் 2 பைட், லினக்ஸில் 4 பைட், நாம் விட்டு வந்த தொல்லையே திரும்பி வரும். சாதாரணக் கேர் வரிசையை 100 ஆக்குங்கள்.

விண்டோஸிலும் ஓட வேண்டுமானால்

லாங் வகையை நம்பாதீர்கள்: 64-பிட் லினக்ஸில் 8 பைட், 64-பிட் விண்டோஸில் 4. அளவு முக்கியமான இடத்தில் எஸ்டிடிஇன்ட்.ஹெச்சின் வகைகளைப் பயன்படுத்துங்கள். வலைப்பின்னல் நிரலானால் வின்சாக்2.ஹெச், விண்டோஸ்.ஹெச்சுக்கு முன்னால் வர வேண்டும். மாறினால் மறுவரையறைப் பிழைகள் பக்கம் பக்கமாகக் கொட்டும். ஃபோல்டர் உருவாக்கும் எம்கேடிர் போசிக்ஸில் அனுமதி எண்ணையும் கேட்கும், விண்டோஸில் கேட்காது. எழுத்து வேறுபாடு பாராத ஒப்பீடு லினக்ஸில் ஸ்ட்ரிங்ஸ்.ஹெச்சில், கடைசியில் ஓர் எஸ் கூடுதல், விண்டோஸில் ஸ்ட்ரிங்.ஹெச்சிலேயே வேறு பெயரில். இவையெல்லாம் பிளாட்ஃபார்ம்.சி-க்குள் அடங்கிவிடும்.

கிராஃபிக்ஸ்.ஹெச் பயன்படுத்தும் நிரலை மாற்றாதீர்கள். அதன் இனிட்கிராஃப், பிஜிஐ டிரைவர் பாதை எல்லாம் டாஸுக்கு என்றே எழுதப்பட்டவை. அதே பெயர்களில் வரையும் மாற்று நூலகங்கள் எஸ்டிஎல்-ஐ அடிப்படையாக வைத்து வந்திருக்கின்றன. ஒரு செயல்முறைத் தேர்வுக்கு அவை உதவலாம். நிலைத்து இருக்க வேண்டிய நிரல் என்றால் கணக்கிடும் பகுதியை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு, வரையும் பகுதியைப் புதிதாக எழுதுவதே குறைந்த உழைப்பு.

முடித்ததும் ஒரு வேலை பாக்கி. பிளாட்ஃபார்ம்.சி-யின் தலையில், எந்த ஹெடர் எந்த ஃபங்ஷனுக்காகச் சேர்க்கப்பட்டது, எந்தக் கம்பைலரின் எந்தப் பதிப்பில் சோதித்தீர்கள், என்றைக்கு என்று கருத்துரையாக எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அந்த ஆய்வகத்தில் உட்காரப் போகும் மாணவர், உங்களிடம் கேட்க முடியாத நிலையில், அதைத்தான் முதலில் படிப்பார்.